ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

வேடந்தாங்கலுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பறவையே இல்லை. இரண்டாவது முறை பறவைகள் இருந்தன, எங்களுக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மூன்றாவது முறைதான் என் மகள் ஆசைப்பட்டதைக் கண்ணால் பார்த்தாள். முதல் இரண்டு பயணத்தில் கையைவிட்டுப் போனது 13,200 ரூபாய். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன தையல் கடை வைத்து, ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணிச் சம்பாதிக்கிற எனக்கு அது பெரிய பணம். கணவர் கத்தாரில் இருக்கிறார். எங்கே போவதென்றாலும் விசாரிப்பது, டிக்கெட் எடுப்பது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் நான் ஒருத்திதான். விவரம் தெரிந்த யாராவது முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணமும் மிச்சமாகியிருக்கும், பிள்ளையின் முகமும் அப்படி வாடியிருக்காது. அந்த நாலு வார்த்தையை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது மகள் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். பறவைகள் சரணாலயம் என்று பள்ளியில் படித்ததிலிருந்து ஒரே கேள்விதான். எப்போம்மா போகலாம், எப்போம்மா போகலாம். முழுப் பரீட்சை முடியட்டும் என்றேன். மே மாத விடுமுறை வந்தது. இணையத்தில் தேடினேன். ஒரு பயண ஏற்பாட்டாளரின் விளம்பரத்தில் தண்ணீரில் ரோஜா நிறப் பூநாரைகள் வரிசையாக நிற்கிற படம் போட்டு, வெளிநாட்டுப் பறவைகளை ஆண்டு முழுவதும் காணலாம் என்று எழுதியிருந்தது. போன் செய்தேன். திருச்சியிலிருந்து போய்வர கார், டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய் என்றார்கள். இந்த மாதத்தில் பறவை இருக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சரணாலயம் என்றால் உள்ளே பறவை இருக்கும் என்றுதான் நினைத்தேன். மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் புலி இருப்பது மாதிரி.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, செங்கல்பட்டுக்கு முன்னால் படாளம் கூட்டுரோட்டில் திரும்பி, வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. சாலையில் ஆளே இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் கார் ஒன்றுதான். ஒரு வேப்ப மரத்தடியில் இளநீர்க் குலையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "இப்ப வந்து என்னம்மா பாக்கப் போறீங்க? ஏரியில தண்ணியே இல்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. கரைமேல் ஏறிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாளம் பாளமாக வெடித்த மண். நடு ஏரியில் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர், அதில் நாலைந்து கொக்கு. தலைமுழுக்க எச்சம் காய்ந்து வெள்ளையடித்த மாதிரி நிற்கிற மரங்கள், கிளைகளில் காலிக் கூடுகள். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கரையோரம் கிடந்த ஒரு வெள்ளை இறகை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூட சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க, விசாரிக்காமல் கூட்டி வந்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டே வந்தது.

கிளம்பும்போது அந்த அக்கா தன் போன் நம்பரைக் கொடுத்தார். "அடுத்த தடவை வரச்சொல்ல ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு வாம்மா" என்றார். காசு வாங்காமல் பிள்ளைக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த நம்பரின் அருமை எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரி இல்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால்தான் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் கீரியும் மரத்துக்கு வராது, பறவை நம்பிக் கூடு கட்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரத் தொடங்கி, மார்கழி, தை, மாசியில் கூடும் குஞ்சுமாக நிறைந்திருக்கும். குஞ்சுகள் பறக்கப் பழகியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். பொதுவாக நவம்பரிலிருந்து மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மழை பொய்த்த வருடம் டிசம்பரிலும் ஏரி காலியாக இருக்கும். மழை தள்ளிப்போனால் பறவையும் தள்ளித்தான் வரும். நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். பறவைக்கு அது முக்கியமில்லை, தண்ணீர்தான் முக்கியம். தமிழ்நாட்டு ஏரிச் சரணாலயம் எதுவானாலும் மே, ஜூனில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், தண்ணீர் இருக்கிறதா என்று உள்ளூரில் ஒருவரிடம் கேட்காமல் வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பூநாரைப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் பழவேற்காடு, கோடியக்கரை மாதிரி உப்புநீர் தேங்கும் இடங்களுக்குப் போக வேண்டும். வேடந்தாங்கல் நல்ல தண்ணீர் ஏரி, அங்கே மரத்தில் கூடு கட்டும் பறவைகள்தான் விசேஷம். இன்னொன்று, வெளிநாட்டுப் பறவை, வெளிநாட்டுப் பறவை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் தேடி நம் நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகிறவை. வடக்கே தூர தேசத்திலிருந்து வலசை வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மாதிரியானவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப்போய் அவற்றின் ஊரில்தான் முட்டையிடும். இது தெரியாமல் போனால் கூட்டில் இருக்கிற கூழைக்கடாவைக் காட்டி, சைபீரியாவிலிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டு வருவோம். நானும் அப்படிச் சொல்லத்தான் தயாராகப் போயிருந்தேன்.

அந்த மே மாதப் பயணத்துக்காகவே 1,350 ரூபாய்க்கு ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தேன். நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று போட்டிருந்தது. கையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஆடுகிறது, ஓரமெல்லாம் மங்கல், ஐந்து நிமிடத்தில் தலைவலி. பறவை பார்ப்பவர்கள் சொல்லும் கணக்கு 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் முழுவதும் படத்தில் தெரியும். நல்லது வாங்கப் பல ஆயிரம் ஆகும். வருடத்துக்கு ஒரு முறை போகிறவர்கள் வாங்கவே வேண்டாம். மூன்றாவது முறை போனபோது நாங்கள் வாசலருகே வாடகைக்கு எடுத்ததே போதுமானதாக இருந்தது. எடுப்பதற்கு முன் தூரத்தில் ஒரு கிளையை வைத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது பயணம் காணும் பொங்கலன்று. பொங்கலுக்கு முந்தின நாள் இரவு வரை தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது, அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் காணும் பொங்கல்தான். மழை நன்றாகப் பெய்த வருடம். இந்த முறை ஏமாற வாய்ப்பே இல்லை என்று தைரியமாக, அந்த அக்காவுக்குப் போன்கூடச் செய்யாமல், காலை 5 மணி பஸ்ஸில் ஏறினோம். மதுராந்தகத்தில் இறங்கும்போது பத்தரை. வேடந்தாங்கல் போகும் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றோம். கடைசி மூன்று கிலோமீட்டர் கார்களும் வேன்களும் அடைத்துக்கொண்டு நிற்க, பஸ் ஊர்ந்தது. இறங்கி நடந்தோம். உள்ளே போகும்போது மணி 12.45.

கரை முழுக்கத் தலைகள். பாட்டுப்பெட்டி, விசில், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முண்டியடிக்கிறவர்கள். கம்பி வேலி ஓரம் நிற்க இடமில்லை. உச்சி வெயிலில் பறவைகளில் பாதி இரைதேடப் போயிருந்தது, மீதி இலைக்குள் ஒடுங்கியிருந்தது. தூரத்தில் மரங்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு கூட்டம், பறந்தால் வீடியோ நன்றாக வரும் என்று சேர்ந்து கை தட்டிக் கத்தினார்கள். ஒரு மரத்திலிருந்து ஏழெட்டுப் பறவைகள் எழும்பின. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். என் மகளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய பாவம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தாய் எழுந்து போன நேரத்தில் காக்கையும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும். இறகு முளைக்காத குஞ்சு கொஞ்ச நேர வெயிலைக்கூடத் தாங்காது. தயவுசெய்து கை தட்டாதீர்கள், தட்டுகிறவர்களைப் பார்த்தால் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள். நானே அப்படித்தான் நின்றேன்.

இரண்டு மணிக்கு மகளுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. கையில் கொண்டுபோனது அரை லிட்டர் தண்ணீர், அது மதுராந்தகத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. கரையில் உட்காரவைத்து முந்தானையால் விசிறினேன். வாந்தி எடுத்தாள். முன்பின் தெரியாத ஒரு பாட்டி தன் தூக்குவாளியிலிருந்து மோர் கொடுத்தார். கழிப்பறைக்குப் போக அரை மணி நேரம் வரிசை. பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன், மதுராந்தகத்திலோ படாளத்திலோ அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள். உள்ளே கரைமேல் நடக்கத் தொடங்கிவிட்டால் திரும்பி வருவது தூரம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பிள்ளைக்குக் கொறிக்க ஏதாவது, இவை இல்லாமல் போகவே கூடாது.

நான்கு மணிக்கு, கூட்டம் கிளம்புவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று வெளியே வந்துவிட்டோம். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதிர்த் திசையில் வானத்தில் வரிசை வரிசையாகப் பறவைகள் ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. நீர்க்காகங்கள் தாழ்வாக, அதற்கு மேலே நாரைகள், இன்னும் மேலே ஆடாமல் அசையாமல் கூழைக்கடாக்கள். காலையில் இரைக்குப் போனதெல்லாம் கூட்டுக்குத் திரும்பும் நேரம் அது. நாங்கள் அவை இல்லாத நேரத்தில் உள்ளே இருந்துவிட்டு, அவை வருகிற நேரத்தில் வெளியேறிக்கொண்டிருந்தோம். மகள் ஆள் இடுக்கில் தலையை நீட்டி, "அம்மா, எல்லாம் அங்க போகுதும்மா" என்றாள். இறங்கித் திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கினால் ஊருக்குப் போக வழியில்லை. பைபாஸில் தொலைதூரப் பேருந்துகள் நிற்காமல் போக, திண்டிவனம், விழுப்புரம் என்று மாறி மாறி வீடு வந்து சேரும்போது விடிகாலை 3 மணி. அந்த நாளுக்கு ஆன செலவு 2,850 ரூபாய், மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வேறு.

ஆக, எந்த மாதம் என்பதற்கு அடுத்தபடி எந்த நேரம் என்பது. காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, சாயங்காலம் 4 மணியிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் அங்கே இருந்து பிரயோசனமில்லை. வெளியூர்க்காரர்கள் ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்ப நினைத்தால், போய்ச் சேர்வதும் கிளம்புவதும் இந்த இரண்டு நேரத்தையும் தின்றுவிடும். ஓர் இரவு பக்கத்தில் தங்குவதுதான் வழி. பொங்கல், குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது முறை அதே பருவத்தில், பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமையைக் குறிவைத்தேன். முகூர்த்த மாதம், கடையை இரண்டு நாள் மூடினால் வருமானம் போகும். பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். இருந்தாலும் இனி ஒரு வருடம் காத்திருக்க மனசில்லை. இந்த முறை அக்காவுக்குப் போன் செய்தேன். "குஞ்சு பொரிச்சு கெடக்குதும்மா, சத்தம் காதை அடைக்குது, வா" என்றார். இன்னொரு வேலையும் செய்தேன். இ-பேர்ட் என்று ஒரு தளம் இருக்கிறது, பறவை பார்ப்பவர்கள் எந்த இடத்தில் எந்த நாளில் எதைப் பார்த்தார்கள் என்று அதில் பதிகிறார்கள். இடத்தின் பெயரைப் போட்டால் சமீபத்திய பட்டியல் வந்துவிடும். விளம்பரப் படத்தைவிட இது நூறு பங்கு நம்பகமானது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பி மதுராந்தகத்தில் 900 ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினோம். அக்காவே தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசிவைத்திருந்தார், நாள் முழுக்க 1,500 ரூபாய். போக வர பஸ், சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து மொத்தம் 4,100. முதல் முறை காருக்குக் கொடுத்ததில் பாதிதான்.

காலை 6 மணிக்கு வாசலில் நின்றோம். பனி இறங்கியிருந்தது. ஏரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் சத்தம் வந்தது, அதற்கும் முன் வாடை. மீனும் எச்சமும் சேர்ந்த வாடை, முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பிடிக்கச் சொல்லும், பிறகு பழகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் பழுப்பும் பச்சையுமாக உடுத்தியிருந்தோம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் வேண்டாம் என்று படித்திருந்தேன். கரையில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி, ஒரு பறவைக் காவலர், அவ்வளவுதான். பனி விலக விலக, தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு மரமும் ஒரு தெரு மாதிரி. உச்சியில் கூழைக்கடாவும் நாரையும், நடுவில் அரிவாள் மூக்கன், கீழ்க் கிளைகளில் நீர்க்காகம்.

மகள் முதலில் பிடித்துக்கொண்டது கூழைக்கடாக் குஞ்சை. தாய் வந்து இறங்கியதும் குஞ்சு தன் தலையை, கழுத்து வரை, தாயின் அலகுப் பைக்குள் நுழைத்துவிட்டது. உள்ளே என்ன சண்டையோ, பை இப்படியும் அப்படியும் புடைத்தது. "அம்மா, அது முழுங்குதா?" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். பையிலிருந்து மீனை எடுத்துச் சாப்பிடுகிறது என்று காவலர் சொன்ன பிறகுதான் விட்டாள். பிறகு அவரே நத்தைகுத்தி நாரைக் கூடு ஒன்றைக் காட்டினார். நத்தைகுத்திக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டியில் பாக்கு வைக்கிற இடம் மாதிரி. வயலில் இருக்கும் நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுக்க வாகான அலகு. பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மகள், "ஆனா குஞ்சுக்கு வாய் நல்லா மூடுதே" என்றாள். காவலர் அவளைத் தட்டிக்கொடுத்தார். குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும் என்றார். பத்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்ததை நினைத்து அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது. அவசரப்படாமல் ஒரே கூட்டை அரை மணி நேரம் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். நூறு பறவையை ஓடி ஓடிப் பார்த்தால் ஒன்றும் மனசில் நிற்காது.

வெயில் ஏறியபோது ஒரு நாரை கூட்டின் மேல் இறக்கையை விரித்துக் குடை மாதிரி நின்றதைப் பார்த்தோம். கீழே நிழலில் இரண்டு குஞ்சுகள். சூட்டைத் தணிக்க நாரைகள் வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றுவதும் உண்டாம். காணும் பொங்கலன்று கை தட்டியபோது எழும்பிப் போனது இந்த மாதிரி ஒரு தாயாகத்தானே இருக்கும் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காவலர் உள்ளூர்க்காரர். நாங்கள் பொறுமையாகப் பார்ப்பதைக் கண்டு கூடவே நடந்து வந்து கதை சொன்னார். இந்த ஏரித் தண்ணீரில் எச்சம் கலந்து கலந்து வயலுக்கு அதுவே உரமாகிறது, அதனால் தலைமுறை தலைமுறையாக ஊரே பறவையைக் காத்திருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் போய் முறையிட்டு, 1798-இல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடமிருந்து, இந்தப் பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதி வாங்கியிருக்கிறார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1936-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது என்றும் சொன்னார். கரைமேல் ஓரிடத்தில் நின்று இதைக் கேட்டபோது, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கிராமம் காத்துக்கொடுத்ததைத்தான் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம் என்று பட்டது. அங்கே ஒரு சிப்ஸ் கவரைக் கீழே போட எப்படி மனசு வரும்?

பத்து மணிக்கு வெளியே வந்து அக்கா கடையில் இளநீர் குடித்தோம். நடுப்பகலை வீணாக்காமல் ஆட்டோக்காரர் எங்களைப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கரிக்கிலிக்குக் கூட்டிப்போனார். அதுவும் சரணாலயம்தான், ஆனால் கூட்டம் அவ்வளவாகப் போவதில்லை. மரத்தைவிடத் தண்ணீர்ப் பரப்பைப் பார்க்க வேண்டிய இடம். அங்கேதான் மகள் நிஜமான வெளிநாட்டு விருந்தாளிகளைப் பார்த்தாள். ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மட்டும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு மேய்ந்தன. சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி வேடந்தாங்கல். அன்றைக்கு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததை இந்த முறை கரையில் உட்கார்ந்து, இருட்டும் வரை, தலைக்கு மேலேயே பார்த்தோம். ஒவ்வொரு வரிசை வந்து இறங்கும்போதும் மகள் எண்ணினாள். 400-க்கு மேல் எண்ணிவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, எண்ணாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு அலைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, திருச்சியிலிருந்து புள்ளம்பாடி வழியாகப் போனால் அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. அதுவும் சரணாலயம், 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, வேடந்தாங்கலைவிடப் பல மடங்கு பெரியது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து வருகிற இடம். அடுத்த வருடம் அங்கேயும் போனோம், காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். வாத்துகள் தூரத்தில்தான் இருந்தன, ஆனாலும் தலையில் இரண்டு கறுப்புக் கோடு தெரிந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளம், சிவகங்கைப் பக்கத்தவர்களுக்கு வேட்டங்குடி என்று ஊர் ஊருக்கு இப்படி ஒன்று இருக்கிறது. 250 கிலோமீட்டர் வண்டி பேசுவதற்கு முன் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த ஏரி என்று பாருங்கள். பொங்கல் நான்கு நாட்களிலும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நம் தெருக் குளத்தில் எண்ணிப் பதிந்தாலும் போதும். காணும் பொங்கலுக்கு நாங்கள் இப்போது செய்வது அதுதான்.

ஆனாலும் வேடந்தாங்கலை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் மழை பிடித்ததும் மகள் என் போனை எடுத்து அக்காவுக்கு அடித்துவிடுகிறாள். போன வாரமும் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, தண்ணி வந்துடுச்சா?"

"பாதி ஏரிதான் கண்ணு. நத்தகுத்தி மட்டும் நாலு வந்து பாத்துட்டுப் போச்சு. இன்னொரு மழை பெய்யட்டும், நானே சொல்றேன்."

இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.